எட்டடி தூரத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும்?

கடலூர் வாசகி ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டில் ஓடிக்கொண்டிருந்த 32 இன்ச் எச்டி ரெடி டிவியில் செங்குத்தாகக் கோடுகள் விழுந்துவிட்டன. பேனல் மாற்றும் செலவுக்குப் புது டிவியே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஹால் 10-க்கு 14 அடி. சோபாவுக்கும் ஷோகேஸுக்கும் நடுவே 8 அடி. ஷோகேஸில் டிவி உட்காரும் இடைவெளியின் அகலம் 46 இன்ச். மாமனாருக்கு 76 வயது, கண்புரை ஆரம்பித்திருக்கிறது, கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/12 என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். மாலை முழுவதும் அவருக்குச் செய்தியும் சீரியலும்தான், அரசு கேபிளின் பழைய எஸ்டி (சாதாரணத் தர) பாக்ஸில். மாமியார் பக்கவாட்டில் கட்டிலில் சாய்ந்தபடி பார்ப்பார். பத்தாம் வகுப்பு மகனுக்கு யூடியூபும் கிரிக்கெட்டும். கணவன் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கையில் 35,000 ரூபாய்.

கடலூர்க் கடையில் தெரிந்த பிராண்டில் 43 இன்ச் ஃபுல் எச்டி 22,500 ரூபாய், அதே பிராண்டில் 43 இன்ச் 4கே 27,000 ரூபாய். புதுச்சேரியில் ஒரு கடையில் அதிகம் கேள்விப்படாத பிராண்டில் 55 இன்ச் 4கே 33,000 ரூபாய். “இதில் போட்டால் சாதாரண கேபிள் சேனலும் 4கே ஆகிவிடும்” என்றாராம் அந்தக் கடை விற்பனையாளர். “4கே வாங்கினால் கேபிள் படம் கெட்டுப்போகும், ஃபுல் எச்டியே போதும்” என்கிறார் கொழுந்தனார். பக்கத்து வீட்டில் ‘4கே சப்போர்ட்’ என்று எழுதிய டிவியை 16,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள், அது ஏன் இவ்வளவு மலிவு என்றும் கேட்டிருக்கிறார். திரையில் புள்ளி (பிக்சல்) கூடினால் பையனின் கண் கெடுமா, மின்சாரம் அதிகம் இழுக்குமா, புதுச்சேரியில் வரி குறைவா, அங்கே வாங்கி ஏமாந்தால் கடலூரில் புகார் கொடுக்க முடியுமா, வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா என்பவை மீதிக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, ‘சோபாவுக்கும் ஷோகேஸுக்கும் நடுவே 8 அடி’ என்பது. பெரும்பாலானவர்கள் பிராண்டும் விலையும் எழுதுவார்கள், இந்த அளவை எழுத மாட்டார்கள். நீங்கள் டேப் வைத்து அளந்திருக்கிறீர்கள். பாதிப் பதில் அந்த எட்டடியிலேயே இருக்கிறது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய எச்டி ரெடி டிவியில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள், மொத்தம் சுமார் 10 லட்சம். ஃபுல் எச்டி என்றால் 1920-க்கு 1080, சுமார் 21 லட்சம். 4கே என்றால் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். 8கே என்பது 3 கோடியே 30 லட்சம் புள்ளி. அதில் பார்ப்பதற்குத் தமிழில் நிகழ்ச்சி கிடைப்பது அரிது என்பதால் அதை இத்தோடு விட்டுவிடலாம். உங்கள் கேபிள் பாக்ஸில் வரும் எஸ்டி படம் 720-க்கு 576, வெறும் 4 லட்சத்துச் சொச்சம் புள்ளிதான். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கும் திரைக்கும் நடுவில்

குறையில்லாத கண்ணுக்கும், அதாவது 6/6 பார்வைக்கும், ஒரு எல்லை இருக்கிறது. ஒரு பாகையை (டிகிரியை) அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்குக் கீழே இரண்டு புள்ளிகளைக் கண்ணால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. டிவியின் இன்ச் அளவை 0.13-ஆல் பெருக்குங்கள். வரும் அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டியின் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது, அங்கிருந்து பார்க்கும்போது 4கே கூடுதலாக எதையும் காட்டாது. எச்டி ரெடிக்கு 0.18, எஸ்டி படத்துக்கு 0.24, 4கே-க்கு 0.065 என்று பெருக்க வேண்டும்.

43 இன்ச்சுக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்டிக்கு 5.6 அடி, 4கே-க்கு 2.8 அடி. நீங்கள் உட்காருவது 8 அடியில். ஆகவே அதே படத்தை அதே பிராண்டின் ஃபுல் எச்டி டிவியிலும் 4கே டிவியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலும், புள்ளி எண்ணிக்கையை வைத்து மட்டும் சோபாவிலிருந்து உங்களால் வித்தியாசம் சொல்ல முடியாது. கடையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கும். அங்கே நீங்கள் திரைக்கு இரண்டு மூன்று அடியில் நின்றிருப்பீர்கள், ஓடியதும் அந்த நிறுவனமே கொடுத்த விளம்பரப் படமாக இருந்திருக்கும்.

55 இன்ச்சுக்கு அதே கணக்கு: ஃபுல் எச்டிக்கு 7.2 அடி, எஸ்டிக்கு 13 அடிக்கும் மேல். நல்ல 4கே படத்துக்கு எட்டடியில் 55 இன்ச் தாராளமாகப் பொருந்தும், அதில் தவறில்லை. ஆனால் மாமனார் பார்க்கும் எஸ்டி சேனலின் மங்கல் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலிருக்க 13 அடி தள்ளி உட்கார வேண்டும். உங்கள் ஹாலில் அந்த இடம் இல்லை.

இன்னொன்று: 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. குறுக்கு அகலம் 48 இன்ச், விளிம்பையும் சேர்த்தால் கொஞ்சம் அதிகம். உங்கள் ஷோகேஸ் இடைவெளி 46. அந்த டிவி உள்ளே போகவே போகாது. கடைக்காரர் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் உங்களுக்குத் தெரியவில்லை. 43 இன்ச் டிவியின் அகலம் ஏறத்தாழ 38, 50 இன்ச் டிவியின் அகலம் ஏறத்தாழ 44. இரண்டும் உட்காரும்.

மாமனாருக்கு வேண்டியது வேறு

6/12 என்றால், மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை அவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள். மேலே சொன்ன எல்லா தூரமும் அவருக்குப் பாதியாகிவிடும். 43 இன்ச் 4கே டிவியின் புள்ளிச் செல்வத்தை அவர் உணர வேண்டுமென்றால் மூக்கைத் திரையில் வைக்க வேண்டும். இதை வேறுவிதமாகவும் பாருங்கள்: எஸ்டி படத்தின் மங்கல் எட்டடியிலிருந்து அவருக்குத் தனியாகத் தெரியாது. அது உறுத்துவது உங்களுக்கும் உங்கள் மகனுக்கும்தான். ‘அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அதனால் 4கே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் வந்த எண்ணம், ஆனால் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. அவருக்கு வேண்டியது எழுத்தும் முகமும் பெரிதாகத் தெரிவது, வெளிச்சம் போதுமான அளவு இருப்பது, ஜன்னல் கூசாமல் இருப்பது.

பெரிதாகத் தெரியப் பெரிய டிவிதான் வேண்டும் என்றில்லை. அவர் நாற்காலியை எட்டடியிலிருந்து ஐந்தரை அடிக்கு நகர்த்துங்கள். 43 இன்ச் டிவி அவர் கண்ணுக்கு எட்டடியில் வைத்த 62 இன்ச் டிவி அளவுக்குத் தெரியும். காசு செலவில்லை. வயதானவர் டிவிக்குக் கிட்டே உட்கார்ந்தால் கண் கெடும் என்ற பயம் வேண்டாம், கெடாது. கண்புரை உள்ளவர்களுக்குக் கூச்சம்தான் பெரிய தொந்தரவு. டிவிக்கு எதிர்ச்சுவரில் ஜன்னல் இருந்தால் மாலையில் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்கு நேரமாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டுவிடவும் செய்யுங்கள். டிவி பார்க்கப் புதுச்சேரிக்குப் போகும் அதே சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பேனலும் செய்யாத நன்மையை அது அவருக்குச் செய்யக்கூடும்.

மகனைப் பற்றி: புள்ளி கூடுவதால் கண் கெடாது, குறைவதாலும் கெடாது. இருட்டு அறையில், இடைவெளி விடாமல், கண் சிமிட்டாமல் மணிக்கணக்காகப் பார்ப்பதுதான் கண்ணைச் சோர்வாக்குகிறது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கேபிள் படம் ஏன் மங்குகிறது

உங்கள் கொழுந்தனார் பார்த்தது உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை. 32 இன்ச்சிலிருந்து 50, 55-க்குப் போனவர்கள் எல்லாருமே ‘கேபிள் படம் கெட்டுப்போச்சு’ என்பார்கள். கெடுப்பது 4கே இல்லை. அதே 4 லட்சம் புள்ளி இரண்டரை, மூன்று மடங்கு பரப்பில் விரிகிறது, அவ்வளவுதான். 55 இன்ச்சில் ஃபுல் எச்டி பேனல் போட்டிருந்தாலும் அப்படித்தான் தெரியும். ஐந்து புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை வாசல் அகலத்துக்கு இழுத்தால் இழைதான் தடிக்கும், புதிதாகப் புள்ளி முளைக்காது.

அதே காரணத்தால் புதுச்சேரி விற்பனையாளர் சொன்னதும் சரியில்லை. வந்தது 4 லட்சம் புள்ளி. மீதி 79 லட்சத்தை டிவிக்குள் இருக்கும் சிப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. நல்ல சிப் விளிம்புகளை ஒழுங்காக்கும், இரைச்சலைக் குறைக்கும். கேமரா பிடிக்காத, சேனல் அனுப்பாத விவரத்தை எந்தச் சிப்பாலும் உண்டாக்க முடியாது. தவிர, எஸ்டி சேனல் ஒரே மூச்சில் முழுப் படத்தையும் அனுப்புவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என்று மாற்றி மாற்றி வரும். இரண்டையும் பின்னிச் சேர்ப்பது பெரும்பாலும் டிவியின் வேலை. மலிவான சிப் இதில்தான் சறுக்கும். செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தைக் கவனியுங்கள். எழுத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிசிறடித்தால் அந்த டிவி வேண்டாம். கடையில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நேர்மையானது வேறில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது டிவி இல்லை, பாக்ஸ். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸும் வீட்டில் தினமும் பார்க்கும் நான்கைந்து சேனல்களின் எச்டி வடிவமும் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் டிடிஎச். எச்டி சேனல் 1920-க்கு 1080-இல் வருகிறது, எஸ்டியைப் போல ஐந்து மடங்கு புள்ளி. நீங்கள் ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் இடையில் தேடிக்கொண்டிருக்கும் வித்தியாசத்தைவிட இந்த ஒரு மாற்றம் பல மடங்கு பெரிது, எட்டடியிலிருந்தே தெரியும். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்ஸை மாற்ற முடியாவிட்டாலும் வயரைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள ஏவி வயரில் இணைத்திருந்தால் இருக்கும் புள்ளியும் வழியிலேயே மங்கிவிடும். பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த வயருக்கு மாறுங்கள். பிறகு எஸ்டி சேனல் ஓடும்போது டிவியில் ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்து, நாய்ஸ் ரிடக்ஷனை மிதமாக வையுங்கள். ஷார்ப்னஸைக் கூட்டினால் தெளிவு வரும் என்று நினைத்துப் பலர் கூட்டிவிடுகிறார்கள். கூடுவது முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான்.

அப்படியானால் 4கே எதற்கு?

உங்கள் மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும். தமிழ்ச் சேனல்கள் கேபிளில் 4கே-யில் வருவதில்லை. 4கே இணையம் வழியாகத்தான் வருகிறது. யூடியூபில் இலவசமாக நிறைய இருக்கிறது. 2023-இல் ஐபிஎல் ஆட்டங்கள் ஜியோ சினிமாவில் 4கே-யில் வந்தன. நெட்ஃபிக்ஸில் மேல்தட்டுத் திட்டமான பிரீமியம் எடுத்தால்தான் 4கே. டிவியில் ஓடும் அடித்தட்டுத் திட்டத்தில் நெடுக்கே 720 வரிப் புள்ளிதான், நீங்கள் எத்தனை பெரிய டிவி வாங்கினாலும். 4கே ஓட 15 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வர வேண்டும் என்பது நெட்ஃபிக்ஸின் கணக்கு, உங்கள் 50 தாராளம். ஆனால் ரவுட்டர் படுக்கையறையில் இருந்து டிவி இரண்டு சுவர் தாண்டி இருந்தால் அந்த 50 முழுதாக வந்து சேராது. முடிந்தால் லேன் வயர் இழுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. விலை மலிவான சில ஸ்மார்ட் டிவிகளில் கூகுள் அங்கீகரித்த மென்பொருள் இருக்காது, செல்போன் ஆண்ட்ராய்டைத் திருத்திப் போட்டிருப்பார்கள். திருட்டுப் பதிவைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டில் அந்த டிவிகளுக்கு எல்1 தகுதி கிடைக்காது, எல்3 மட்டும்தான். எல்3 டிவிக்கு நெட்ஃபிக்ஸும் பிரைமும் எஸ்டி தரத்தில்தான் படம் அனுப்பும். பேனல் 83 லட்சம் புள்ளி, வருவது 480 வரி. கேள்விப்படாத பிராண்டின் 55 இன்ச் டிவியை நான் தயங்கிப் பார்ப்பதற்கு முதல் காரணம் இதுதான். கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன் போன்ற முறையான மென்பொருளா என்று கேளுங்கள். கடையிலேயே பிரைமில் ஒரு படத்தை ஓடவிட்டு, திரையில் எச்டி அல்லது யுஎச்டி (4கே-க்கு இன்னொரு பெயர்) என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். எச்டிஆர் படங்கள் பொதுவாக 1000 நிட்ஸ் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாராகின்றன. இந்த விலை டிவிகள் பெரும்பாலும் 250, 300 நிட்ஸ்தான் தரும். டிவி அந்தக் கோப்பைத் திறக்கும், அந்த ஒளியைத் தராது. உங்கள் ஹால் பகலில் வெளிச்சமானது என்று எழுதியிருப்பதால், இரண்டு டிவிக்கு நடுவில் தயங்கினால் புள்ளியைப் பார்க்காமல் பிரகாசமான பேனலை எடுங்கள்.

மாமியாருக்காக இன்னொரு சோதனை. பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு. விஏ-யில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ்-இல் இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரியும், பக்கவாட்டில் நிறம் மாறாது. கடையில் கட்டில் இருக்கும் கோணத்தில் போய் நின்று ஒரு முகத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஐபிஎஸ்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

‘4கே சப்போர்ட்’ என்பது 4கே இல்லை

பக்கத்து வீட்டு டிவியின் ரகசியம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 4கே கோப்பைக் கொடுத்தால் திறந்து, சுருக்கி, தன்னிடம் உள்ள பேனலில் காட்டும் என்றுதான் அதற்குப் பொருள். பேனல் எச்டி ரெடியாகவோ ஃபுல் எச்டியாகவோ இருக்கும். வாங்கியவர்கள் பணம் மொத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன், எட்டடியில் அந்த டிவியும் ஓரளவு நன்றாகவே தெரியும். ஆனால் 4கே என்று நம்ப வைத்து விற்றிருந்தால் அது தவறு. பெட்டியிலும் மாடல் விவரத்திலும் ‘பேனல் ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் 3840 × 2160 இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், ‘சப்போர்ட்டட்’ என்ற இடத்தில் இல்லை.

கண்ணால் உறுதி செய்ய வேண்டுமானால் மகனை லேப்டாப்பும் எச்டிஎம்ஐ வயரும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். லேப்டாப் 4கே வெளியிடக்கூடியதாக இருக்க வேண்டும். டிஸ்ப்ளே அமைப்பில் 3840 × 2160 தேர்ந்து, அளவை 100 சதவீதத்தில் வைத்து, நோட்பேடில் பத்து வரி அடித்துத் திரைக்கு ஒரு அடி கிட்டே போய்ப் படியுங்கள். உண்மையான 4கே பேனலில் எழுத்து பொடியாக இருந்தாலும் கூர்மையாக இருக்கும். போலி என்றால் எழுத்தின் கால்கள் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில டிவிகளில் எச்டிஎம்ஐ துளைக்கான அமைப்பில் ‘என்ஹான்ஸ்டு’ என்பதை இயக்கினால்தான் 4கே முழு வேகத்தில், அதாவது நொடிக்கு 60 படம், உள்ளே வரும். அதை மறந்து டிவியைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

புதுச்சேரி பில், கடலூர்ப் புகார்

புதுச்சேரியில் வரி குறைவு என்பது பழைய நினைவு. மாநிலங்கள் தனித்தனியாக வாட் வரி போட்ட காலத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு புதுச்சேரி நேரு வீதியிலும் ஒரே வரி, கடலூர் மஞ்சக்குப்பத்திலும் ஒரே வரி. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அங்கே விலை குறைவென்றால் அது கடையின் போட்டி, அல்லது பில் போடாத வியாபாரம். ‘பில் இல்லாமல் என்றால் 2,000 குறைச்சுக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். பில் கொடுக்க மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

நீங்கள் அதிகம் பயந்த கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. டிவியைப் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு புகார்தாரர் வசிக்கும் இடத்தையும் ஏற்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள், பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ‘பிடிக்கவில்லை என்றால் 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அந்த 30 நாளைச் சொல்வது குறைபாடுள்ள பொருளுக்கு, அதுவும் பில்லில் வேறு கெடு குறிப்பிடாதபோது. ஹாலுக்குப் பெரிதாகிவிட்டது, கேபிள் படம் மங்குகிறது என்பவை குறைபாடு ஆகாது. 3840 × 2160 என்று பில்லில் எழுதி எச்டி பேனலைக் கொடுத்தால் அது குறைபாடு. ஆகவே பில்லில் மாடல் எண்ணோடு இந்த எண்களையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். வாயால் சொன்ன ‘4கே’ ஆணையத்தில் நிற்காது.

வட்டியில்லாத் தவணை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வங்கி வட்டி போடும், அதே தொகையைக் கடையோ நிறுவனமோ தள்ளுபடியாகக் காட்டும். கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் செயல்முறைக் கட்டணமும் உங்கள் தலையில்தான். ரொக்க விலை என்ன என்று முதலில் கேட்டுவிட்டுத் தவணைப் பேச்சை எடுங்கள்.

என்னுடைய தீர்மானம்

கடலூர்க் கடையின் 43 இன்ச் 4கே, 27,000 ரூபாய். 4,500 ரூபாய் அதிகம் கொடுப்பது புள்ளிக்காக இல்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். நிறுவனங்கள் 43 இன்ச்சில் நல்ல சிப், அதிக நினைவகம், புதிய எச்டிஎம்ஐ ஆகியவற்றை 4கே மாடலில்தான் போடுகின்றன. ஃபுல் எச்டி மாடல் பெரும்பாலும் கடைநிலை மாடலாக இருக்கும். ஓடும் எழுத்துச் சோதனையிலும் பக்கவாட்டுச் சோதனையிலும் இரண்டும் சமமாகத் தேறினால் ஃபுல் எச்டியே வாங்கி மிச்சத்தை எச்டி பாக்ஸில் போடுங்கள், அதுவும் எனக்குச் சம்மதமே. மீதிப் பணத்தில் பாக்ஸ், வோல்ட் தாவினால் டிவியைக் காக்க ஒரு தரமான சர்ஜ் ப்ரொடெக்டர். 50 இன்ச் ஆசை இருந்தால், வீட்டில் எல்லாரும் எச்டி சேனலுக்கும் ஆப்புக்கும் மாறிய பிறகு, தெரிந்த பிராண்டில், ஷோகேஸ் இடைவெளியை விளிம்போடு அளந்து பார்த்து வாங்கலாம். 55 வேண்டாம்.

மின்சாரம் பற்றிய பயம் பெரிதில்லை. அதே அளவில் 4கே பேனல் ஃபுல் எச்டியைவிடக் கொஞ்சம் அதிகம் இழுக்கும், புள்ளிகள் பொடியாக இருப்பதால் பின்விளக்கு ஒளி குறைவாகவே வெளியே வருகிறது. 20 வாட் கூடுதல் என்று வைத்தாலும் தினம் 6 மணி நேரத்துக்கு, இரண்டு மாத பில்லில் 7 யூனிட்டுதான். பயப்பட வேண்டியது வோல்ட் தாவுவதற்கு. 2011-இல் ‘தானே’ புயல் வந்தபோதும் 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் இந்தக் கரை எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரம் திரும்பி வரும் அந்த நிமிஷம்தான் போர்டுகள் கருகும். புயல், இடி என்றால் டிவி ப்ளக்கையும் கேபிள் வயரையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். கேபிள் வயர் வழியாகவும் மின்னல் வரும். கடலுக்கு அருகில் இருப்பதால் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். டிவியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக இடம் விடுங்கள், ஈரத் துணியால் பின்பக்கத்தைத் துடைக்க வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் அந்த பிராண்டின் சர்வீஸ் ஆள் கடலூருக்கு வருவாரா என்று பில் போடும் முன் கேளுங்கள். டிவியைப் படுக்கவைத்துக் கொண்டுவராதீர்கள். காரின் பின்சீட்டில் படுத்து வந்த பேனல் ஒரு வேகத்தடையில் விரிசல் விடும், உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. வீட்டு டெலிவரி கேளுங்கள். இன்ஸ்டலேஷன் ஆள் வந்த பிறகே பெட்டியைத் திறந்து, திறப்பதை மகனைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே எல்லாத் துளைகளிலும் வயரைச் சொருகி, ஒரு முழு வெள்ளைத் திரையும் ஒரு முழுக் கறுப்புத் திரையும் போட்டுச் செத்த புள்ளியோ ஓர ஒளிக்கசிவோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும் வரை பரணில் வைத்திருங்கள், சர்வீஸுக்கு எடுத்துப்போக அவை தேவைப்படும்.